பழைய கப்பல் சீட்டில் ‘பிரைமேஜ்’ என்று இருந்தால் அதை எப்படி வாசிப்பது?

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தையும் அதிலிருந்த பழைய பங்களாவையும் சேர்த்துக் கிரயம் வாங்கிய குடும்பங்களில், பரணில் ஒரு தகரப் பெட்டியும் அதற்குள் ஒரு கட்டு ஆங்கிலக் காகிதங்களும் கிடப்பது அரிதன்று. கிரயப் பத்திரம், வரி ரசீது, எல்லை வரைபடம் ஆகியவற்றை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, மிச்சத்தைக் கட்டோடு மறுபடியும் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அந்த மிச்சத்தில்தான் கப்பல் சீட்டுகள், அதாவது இன்றைக்கும் ‘பில் ஆஃப் லேடிங்’ என்று வழங்கும் ஏற்றுச்சீட்டுகள் இருக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லாரி புக்கிங் கணக்கு எழுதியே காலத்தைக் கழித்தவன் என்பதால், இப்படிப்பட்ட காகிதங்களைச் சிலர் என்னிடம் கொண்டுவருவதுண்டு. அவர்களில் பெரும்பாலோர் விரல் வைத்துக் கேட்கும் சொல் ஒன்றுதான்: பிரைமேஜ். அந்தச் சொல்லை எப்படி அடையாளம் காண்பது, எப்படிப் பொருள்கொள்வது, அதற்குரிய தொகையை எப்படிக் கணக்கிட்டுச் சரிபார்ப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்காட்டு ஈரத்தில் கிடந்த காகிதம் மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். ராமபாணப் பூச்சி அரித்த வழியும் இருக்கும். மழை மாதங்களில் அதைப் பிரிக்கவே வேண்டாம். வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளில், வெயிலில் போடாமல் நிழலில், ஒரு மேசை விரிப்பின்மேல் வைத்து மெல்லப் பிரித்து, இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது, காகிதம் அதோடு போய்விடும்.

சீட்டின் அமைப்பு ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான். ‘நல்ல நிலையில் ஏற்றப்பட்டது’ என்று தொடங்கி, ஏற்றியவர் பெயர், கப்பலின் பெயர், கேப்டன் பெயர், நங்கூரமிட்டு நிற்கும் துறைமுகம், போய்ச் சேரும் துறைமுகம் ஆகியவை வரிசையாக வரும். அச்சிட்ட வாசகத்துக்கு நடுவே விடப்பட்ட இடங்களில் பேனாவால் நிரப்பியிருப்பார்கள். அந்த மை இப்போது பழுப்பேறியிருக்கும். இடது ஓரத்தில், சதுரத்தைச் சாய்த்து வைத்தாற்போல் ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று எழுத்துகள் இருந்தால் அது மூட்டைகளில் குத்திய அடையாளக் குறி. வாசகத்தின் பிற்பகுதியில், கடல் ஆபத்துகளுக்குக் கப்பல் பொறுப்பன்று என்ற விலக்குக்குப் பிறகு, சரக்கைப் பெற்றுக்கொள்பவர் கப்பல் கூலி தர வேண்டும் என்ற வரி வரும். அதன் வாலாகத்தான் நாம் தேடும் சொற்கள் நிற்கும்: ‘வித் பிரைமேஜ் அண்ட் ஆவரேஜ் அக்கஸ்டம்ட்’. அதற்குப் பிறகு, ஒரே வாசகத்தில் மூன்று சீட்டுகள் எழுதப்பட்டன, ஒன்று நிறைவேறினால் மற்ற இரண்டும் செல்லாது என்ற வரியும், கேப்டனின் கையெழுத்தும் இருக்கும். மிகப் பழைய சீட்டுகளில், இந்த நல்ல கப்பலை ஆண்டவன் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும், ஆமென் என்று ஒரு வேண்டுதலும் அச்சாகியிருக்கும். வியாபாரக் காகிதத்தில் அந்த வரியை முதன்முதலாகப் பார்த்த நாளில், அதற்கு மேல் வாசிக்கத் தோன்றாமல் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நான்கைந்து சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது? கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கினால் எளிது. ‘அக்கஸ்டம்ட்’ என்பதற்கு நம்மிடம் மிகச் சரியான ஒரு சொல் இருக்கிறது: மாமூல். இன்று இந்தச் சொல் லஞ்சத்தைக் குறிப்பதாகக் கெட்டுப்போயிருந்தாலும், அரபியிலிருந்து உருதுவழி நமக்கு வந்தபோது அதன் பொருள் ‘வழக்கமானது’ என்பதுதான். ‘மாமூலாக நடப்பது’ என்று நாம் சொல்லும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆகவே ‘மாமூல்படி உள்ள பிரைமேஜும் ஆவரேஜும் சேர்த்து’ என்று அந்த வரியை வாசிக்கலாம். அதாவது, எவ்வளவு என்று சீட்டில் எழுதவில்லை. அந்தத் துறைமுகத்தில், அந்தச் சரக்குக்கு, எது வழக்கமோ அதைத் தர வேண்டும்.

பிரைமேஜ் என்பது தொடக்கத்தில் கப்பல் கூலியின் பகுதியன்று. கப்பல் கூலி உடைமையாளருக்குப் போனது. பிரைமேஜ் கேப்டனின் கைக்குப் போனது. சரக்கைக் கவனமாகப் பார்த்துக்கொள்வதற்கும், ஏற்றி இறக்கும்போது அவர் கயிறு வடங்களைப் பயன்படுத்தவிடுவதற்கும், அவர் படும் சிரமத்துக்கும் சரக்குக்காரர் தரும் சிறுதொகை அது. ஏற்றி இறக்கும் மாலுமிகளுக்கும் அதில் பங்கு இருந்தது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1540-ஆம் ஆண்டுச் சட்டமொன்றிலேயே இந்தச் சொல் வருகிறது. ‘முதல்’ என்று பொருள்படும் ‘பிரீமுஸ்’ என்ற லத்தீன் சொல்லோடு அகராதிகள் இதைத் தொடர்புபடுத்துகின்றன. இதற்கு இன்னொரு பெயரும் இருந்தது: தொப்பிப் பணம். பிரெஞ்சுக்காரர்களும் இதைத் தொப்பி என்றே, ‘ஷாபோ’ என்றே அழைத்தார்கள். பிற்காலத்தில் டென்டர்டன் பிரபு ஆன சார்லஸ் ஆபட், 1802-இல் வெளியிட்ட கப்பல் சட்ட நூலில், இது கேப்டன் தமக்கென்று வைத்துக்கொள்ளும் தொகை என்றும், உடைமையாளரோடு வேறுவிதமாக ஒப்பந்தம் செய்திருந்தால் மட்டுமே அது மாறும் என்றும் தெளிவாகச் சொல்கிறார்.

நம் ஊர் ஆளுக்கு இதை விளக்க நான் லாரி பேட்டாவைத்தான் எடுத்துக்காட்டுவேன். வாடகை லாரி முதலாளிக்கு, பேட்டா டிரைவருக்கு. சரக்கு நனையாமல் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, வழியில் ஒரு மூட்டை குறையாமல் கொண்டு சேர்ப்பவன் அவன் என்பதால், வாடகைக்கு அப்பால் அவன் கையில் ஒரு தொகை போய்ச் சேர்கிறது. அது முழுவதும் ஒத்த உவமையன்று. பேட்டாவைத் தருபவர் பெரும்பாலும் முதலாளி, பிரைமேஜைத் தந்தவர் சரக்குக்காரர். ஆனால் வாடகையிலிருந்து அது பிரிந்து நிற்கும் விதத்தைப் புரிந்துகொள்ள இது போதும்.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன், பலரும் அதையே செய்கிறார்கள் என்பதால். முதன்முதலில் பார்த்த சீட்டில் பிரைமேஜை ‘பிரீமியம்’ என்று எடுத்துக்கொண்டு, சரக்குக்கு இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறார்கள் என்று அந்தக் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டேன். பிரீமியம் என்பது ‘பரிசு’ என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்ஷூரன்ஸுக்குத் தனிப் பாலிசியும் தனி ரசீதும் உண்டு. கப்பல் சீட்டில் இன்ஷூரன்ஸ் தொகை வராது. அடுத்த வாரமே அவர்களிடம் போய்த் திருத்திச் சொன்னேன்.

‘ஆவரேஜ்’ இதைவிட ஏமாற்றும். இதைச் சராசரி என்று வாசித்தால் வரியே பொருளற்றுப் போகும். சேதம் என்று பொருள்படும் ‘அவார்’ என்ற அரபுச் சொல், இத்தாலியத் துறைமுகங்களில் ‘அவாரியா’ ஆகி, கடலில் நேர்ந்த இழப்பைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் விகிதப்படி பகிர்ந்துகொள்ளும் முறைக்குப் பெயராயிற்று. அந்தப் பங்கீட்டுக் கணக்கிலிருந்துதான் ‘சராசரி’ என்ற பொருளே பின்னால் பிறந்தது. கப்பல் காகிதங்களில் ஆவரேஜ் மூன்று வகையாக வரும். புயலில் கப்பலைக் காப்பாற்றச் சில மூட்டைகளைக் கடலில் எறிந்தால், அந்த நஷ்டத்தைத் தப்பிய சரக்குக்காரர்களும் கப்பல்காரரும் சேர்ந்து ஏற்பது பொது ஆவரேஜ். ஜஸ்டினியன் தொகுத்த ரோமானியச் சட்டத்தில் ரோட்ஸ் தீவின் வழக்கமாக இது சொல்லப்படுகிறது. ஒரே சரக்குக்கு மட்டும் நேர்ந்த சேதம் தனி ஆவரேஜ். இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் ‘எஃப்.பி.ஏ.’ என்று இருந்தால் இந்தச் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பொருள். நம் சீட்டில் பிரைமேஜோடு இணைந்து வருவது இவ்விரண்டும் அன்று. அது சில்லறை ஆவரேஜ்: வழிகாட்டிப் படகுக்குத் தந்தது, இழுவைக்குத் தந்தது, கலங்கரை விளக்குக்குத் தந்தது போன்ற துறைமுகச் சில்லறைச் செலவுகளில் சரக்கின் பங்கு. மூன்றில் இரண்டு பங்கு சரக்குக்கும் ஒரு பங்கு கப்பலுக்கும் என்பது பழைய வழக்கம்.

இனி, எந்தக் காலத்துச் சீட்டு என்று பார்க்க வேண்டும். இது மிக முக்கியம், ஏனென்றால் பெயர் மாறாமலே பணம் போகும் இடம் மாறிவிட்டது.

சேலம் கலெக்டராயிருந்த எம்.டி. காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தது 1820-களில். அந்தக் காலத்தில் மலையிலிருந்து இறங்கிய சரக்கு மாட்டு வண்டியில்தான் கடற்கரைக்குப் போக வேண்டும். 1861-இல்தான் சென்னையிலிருந்து சேலத்துக்கு ரயில் வந்தது. சென்னையிலோ அன்று துறைமுகமே கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டி மூட்டைகளைக் கொண்டுபோயின. மூட்டை நனையாமல் கப்பலுக்குள் இறங்குவது எத்தனை பேருடைய கவனத்தைப் பொறுத்தது என்பதை நினைத்தால், கேப்டனுக்கு ஏன் ஒரு தொகை தந்தார்கள் என்பது விளங்கும். மசூலாப் படகுக் கூலி வேறு, பிரைமேஜ் வேறு. படகுக் கூலி கரையிலேயே ஏஜென்ட் கணக்கில் எழுதப்பட்டுவிடும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள்.

பாய்மரக் காலத்தின் பிற்பகுதியிலேயே பிரைமேஜ் கப்பல் கூலியின்மேல் நூற்றுக்கு ஐந்து அல்லது பத்து என்று ஒரு விகிதமாக இறுகிவிட்டது. நீராவிக் கப்பல் கம்பெனிகள் வந்தபின் கேப்டன் சம்பளக்காரர் ஆனார். தொகை கம்பெனியின் கல்லாவுக்குப் போனது, ஆனால் கூலிக்கு அடுத்த வரியில் பழைய பெயரிலேயே நின்றது. லாரியில் சரக்கு ஏற்றியதற்கு நாங்கள் தரும் எல்.ஆர். சீட்டில் ‘ஹமாலி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஹமாலி என்றால் சுமை தூக்குபவன். பெயர் சுமை தூக்குபவனுடையது என்பதற்காக, அந்தக் கட்டத்தில் எழுதும் தொகை அப்படியே அவன் மடியில் விழுகிறது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பிரைமேஜுக்கும் அதுவே நேர்ந்தது. எனவே 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிச் சீட்டென்றால் கேப்டனுக்குத் தந்தது என்றும், பிற்பகுதியில் நீராவிக் கம்பெனியின் சீட்டென்றால் கூலியின்மேல் ஏற்றிய கூடுதல் என்றும் வாசியுங்கள். கப்பலின் பெயருக்கு முன்னால் ‘எஸ்.எஸ்.’ என்று இருந்தால் அது நீராவிக் கப்பல்.

மூன்றாவது ஒரு நிலையும் உண்டு, அதுதான் கணக்கில் ஆளைக் குழப்பும். 1875-இல் கல்கத்தா வழியில் ஓடிய கப்பல் கம்பெனிகள் தமக்குள் கூடி ஒரே கூலி விகிதத்தை வைத்துக்கொண்டன. இந்தக் கூட்டணிகளுக்குக் ‘கான்ஃபரன்ஸ்’ என்று பெயர். 1877-இல் அவை ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தன. கூலியில் ஒரு விகிதத்தைக் கம்பெனி தன்னிடம் வைத்துக்கொள்ளும். சரக்குக்காரர் ஒரு தவணை முழுவதும் கூட்டணிக் கப்பல்களிலேயே ஏற்றி, அதற்கு அடுத்த தவணையிலும் வேறு கப்பலைத் தொடாமல் இருந்தால் மட்டுமே அது திரும்பி வரும். இடையில் ஒரே ஒரு மூட்டையை வெளிக் கப்பலில் ஏற்றினாலும் அவ்வளவும் போயிற்று. ஏற்கெனவே நூற்றுக்குப் பத்து என்று தனியாக நின்ற பிரைமேஜ் இதற்கு ஏற்ற கருவியாயிற்று. சீட்டில் பிரைமேஜ் என்று வாங்கியதைத் திருப்பித் தருவதாகச் சொல்லிச் சரக்குக்காரரைக் கட்டிவைத்தார்கள். சிறு ஏற்றுமதியாளரின் பணத்தையே பிணையாக வைத்து அவர் கையைக் கட்டிய இந்த முறை நியாயமானது என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடியவில்லை. இதைப் பற்றி விசாரிக்கப் பிரிட்டனில் 1906-இல் ஒரு ராயல் கமிஷன் அமைந்து 1909-இல் அறிக்கை தந்தது; அமெரிக்கா 1916-ஆம் ஆண்டுக் கப்பல் சட்டத்தில் இப்படித் தள்ளிவைத்துத் தரும் கழிவைத் தடை செய்தது. உங்கள் கட்டில், சீட்டின் தேதிக்குச் சில மாதங்களுக்குப் பிந்தைய ‘ரிபேட்’, அதாவது இந்தக் கழிவைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கைத் தாள் ஏதேனும் இருந்தால், அதை அந்தச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். திரும்பி வந்த பிரைமேஜைச் செலவாக எழுதக் கூடாது.

இப்போது கணக்குக்கு வருவோம். பிரைமேஜ் சரக்கின் விலைமேல் அன்று, கப்பல் கூலியின்மேல்தான் கணக்கிடப்படும். விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்களில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒன்பது டன் காப்பி. டன்னுக்குக் கூலி 3 பவுன் 10 ஷில்லிங். பிரைமேஜ் நூற்றுக்கு ஐந்து. கூலி 31 பவுன் 10 ஷில்லிங். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங் என்பதால், நூற்றுக்கு ஐந்து என்பது பவுனுக்கு ஒரு ஷில்லிங். நூற்றுக்குப் பத்து என்றால் பவுனுக்கு இரண்டு ஷில்லிங். ஆகவே முப்பத்தொன்றரைப் பவுனுக்கு முப்பத்தொன்றரை ஷில்லிங், அதாவது 1 பவுன் 11 ஷில்லிங் 6 பென்ஸ். மொத்தம் 33 பவுன் 1 ஷில்லிங் 6 பென்ஸ். இந்த எளிமைக்காகவே ஐந்தும் பத்தும் நிலைத்தன என்று எனக்குத் தோன்றும். ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கில் நூற்றுக்கு ஐந்து போட்டால் பைசாவில் பின்னம் வந்து நிற்கும்.

மொத்தத் தொகை மட்டும் தெரிந்து விகிதம் தெரியாவிட்டால் திருப்பிப் போடலாம். நூற்றுக்கு ஐந்து என்றால் மொத்தத்தில் 21-இல் ஒரு பங்கு பிரைமேஜ். பத்து என்றால் 11-இல் ஒரு பங்கு. வகுத்துக் கழித்தபின் டன்னுக்குரிய கூலி முழுமையான ஷில்லிங்கில் வந்து நின்றால் உங்கள் ஊகம் சரி. கூலிக்குப் பக்கத்தில் ‘இன் ஃபுல்’ என்று எழுதியிருந்தால் பிரைமேஜ் அதற்குள் அடங்கிவிட்டது. தனியாகத் தேட வேண்டாம்.

எடையிலும் எச்சரிக்கை வேண்டும். தோட்டத்துக் கணக்கு கண்டியிலும் மணங்கிலும் இருக்கும். சென்னைக் கண்டி 20 மணங்கு, மணங்கு 25 ராத்தல், ஆக 500 ராத்தல். கப்பலின் எடை டன்னோ 2,240 ராத்தல். ஒன்பது டன் என்பது 40 கண்டியும் 6 மணங்கும் சொச்சமும். தவிர, கப்பல் கூலிக்கு ‘டன்’ என்பது எல்லாச் சரக்குக்கும் ஒரே எடையன்று. இடத்தை அடைக்கும் சரக்குக்குக் குறைந்த எடையையே ஒரு டன் என்று வைத்தார்கள், சிலவற்றைக் கன அடியில் அளந்தார்கள். எடையை 2,240-ஆல் வகுத்தும் கூலி பொருந்தவில்லை என்றால், தவறு உங்களுடையதாக இருக்காது.

பலர் தேடிச் சலிக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். சேலத்தில் எழுதிய செலவுக் குறிப்பேட்டில் பிரைமேஜ் பெரும்பாலும் இராது. சீட்டின் வாசகப்படி கூலியைத் தர வேண்டியவர் சரக்கைப் பெற்றுக்கொள்பவர். ஆகவே அது லண்டனில் கட்டப்பட்டு, விற்ற தொகையிலிருந்து கழிக்கப்படும். ‘அக்கவுண்ட் சேல்ஸ்’ என்ற தலைப்பில் லண்டன் தரகர் அனுப்பிய விற்பனைக் கணக்கைத் தேடுங்கள். மேலே ஏலத்தில் விற்ற தொகை. கீழே கழிவுகளாகக் கப்பல் கூலி, பிரைமேஜ், கிடங்குக் கூலி, இன்ஷூரன்ஸ், தரகு, கமிஷன். அடியில் தோட்டக்காரருக்கு மிஞ்சியது. சீட்டின் ஓரத்தில் இருக்கும் அடையாளக் குறியும் கப்பல் பெயரும் இந்தத் தாளிலும் இருந்தால் இரண்டும் ஒரே சரக்கைப் பற்றியவை. நான் பார்த்த ஒரு தாளில், பிரைமேஜ் தொகைக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் சிறிய கோடு ஒன்றைப் போட்டிருந்தார். மலைமேல் உட்கார்ந்து இந்தக் கழிவு ஏன் என்று யோசித்த தோட்டக்காரராக இருக்கலாம், அல்லது சரிபார்த்த குமாஸ்தாவாக இருக்கலாம்.

ஆஸ்திரேலியா சம்பந்தப்பட்ட காகிதத்தில், 1930-க்குப் பிந்தைய தேதியோடு ‘பிரைமேஜ் டியூட்டி’ என்று வந்தால், அது அந்த நாட்டு அரசு இறக்குமதிச் சரக்கின் மதிப்பின்மேல் போட்ட சுங்க வரி. கப்பல் கூலியோடு அதற்குத் தொடர்பில்லை.

இன்று சேலத்திலிருந்து ஜவ்வரிசியோ மாம்பழக் கூழோ கன்டெய்னரில் அனுப்புபவர்களின் பில்லில் பிரைமேஜ் இல்லை. எண்ணெய் விலைக்கு ஒரு கூடுதல், நாணய மாற்றுக்கு ஒரு கூடுதல், டெர்மினலில் கையாள்வதற்கு ‘டி.எச்.சி.’ என்று வேறு பெயர்கள் இருக்கின்றன. இந்தத் தொகை எதன்மேல் கணக்கிடப்படுகிறது, யார் கைக்குப் போகிறது, திரும்பி வருமா என்று பழைய சீட்டில் கேட்ட அதே மூன்று கேள்விகளை இந்தப் பில்லிலும் கேளுங்கள்.

எல்லாம் வாசித்து முடித்தபின், சீட்டின்மேல் எதையும் எழுதாமல், ஒரு தனித் தாளில் பென்சிலால் குறித்து உறையில் சேர்த்து வையுங்கள். கப்பல் பெயர், தேதி, அடையாளக் குறி, மூட்டை எண்ணிக்கை, கூலி, பிரைமேஜ் விகிதம், அது கேப்டனுக்கா கம்பெனிக்கா, விற்பனைக் கணக்குத் தாள் கிடைத்ததா இல்லையா என்ற அளவு போதும். மூன்று சீட்டுகளில் எத்தனையாவது உங்களிடம் இருக்கிறது என்பது அச்சில் இருந்தால் அதையும் எழுதுங்கள். நம் கையில் இருப்பது பெரும்பாலும் சரக்கோடு போகாமல் தோட்டத்திலேயே தங்கிவிட்ட பிரதிதான்.